ப்ளைவுட்டில் ஒரு கடல்

பீரோ வேண்டாம் என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் கோபி முதன்முதலாக என்னைப் பார்த்துப் பயந்தார்.

கல்யாணமான புதிதில் அவர் கொடுத்த வாக்கு அந்த பீரோ. ஏற்காடு ஒண்டிக்கடையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறவர். ஏற்காட்டில் பாதி லாட்ஜுக்குக் கட்டிலும் கதவும் செய்து கொடுத்தவர். பெண்டாட்டிக்கு ஒரு பீரோ செய்ய மட்டும் அவருக்கு மரம் கிடைக்கவில்லை. பொங்கலுக்கு என்பார், பொங்கல் போனால் ஆடிக்கு என்பார். என் புடவைகள் இன்றைக்கும் கொடியில்தான் தொங்குகின்றன. நானும் சமயம் கிடைக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "பீரோ வேண்டாங்க, அதுக்குப் பதிலா ஒரு தொட்டி செஞ்சு குடுங்க" என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"என்ன தொட்டி?"

"மீன் தொட்டி. ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உசரம். ப்ளைவுட்டுல."

"மீனுக்கு எதுக்கு மலரு ஆறடி?"

"கடல் மீனுங்க. கூடவே பவளமும் வரும். உள்ளார ஊத்தறது கடல் தண்ணி."

அவர் டீயைக் கீழே வைத்தார். "பீரோவே செஞ்சு குடுத்தர்றேன்" என்றார்.

அவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் சேலத்தில் ஜாபெஸ் அண்ணன் வைத்திருந்த மீன் கடையில் வேலை பார்த்தவள். முன்பக்கம் முழுக்கத் தங்க மீனும் கப்பியும். கடை ஓடியது அவற்றால். பின்னறையில் ஒரே ஒரு கடல் தொட்டி இருந்தது. அதை விற்பனைக்கு வைக்கவில்லை, அது ஜாபெஸ் அண்ணனின் பைத்தியம். கடலில் இருந்து பிடுங்கி வந்தது எதுவும் அதில் கிடையாது. மற்ற தொட்டிக்காரர்கள் தங்கள் பவளத்தில் இருந்து நறுக்கிக் கொடுக்கும் துண்டுகளைக் கல்லில் ஒட்டி வளர்ப்பார். நான் சேர்ந்த முதல் வருஷம் கட்டைவிரல் அளவில் ஒரு துண்டை என் கையில் கொடுத்து ஒட்டச் சொன்னார். தொழிலில் அதை லெதர் என்பார்கள். தொட்டால் தோல் மாதிரி இருக்கும். நான் கடையை விட்டு வரும்போது அது உள்ளங்கை அகலம். இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காளான் மாதிரி விரிந்து, மேலெல்லாம் சின்னச் சின்ன விரல்களை நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கிறது. சேலம் போகிறபோதெல்லாம் அம்மா வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். அம்மாவுக்கு இது தெரியாது.

இப்போது ஜாபெஸ் அண்ணன் கடையை மூடுகிறார். துபாயில் இருக்கும் மகள் சாராவிடம் போய் இருந்துவிடப் போகிறார். கடல் தொட்டியை மொத்தமாக எடுக்க ஆளில்லை. பெங்களூரில் ஒருவர், பவளத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்பதற்குக் கேட்டிருக்கிறார். அதைக் கேட்டதும் நான் ஃபோனிலேயே, "எனக்குக் குடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு சொன்னார். "தீபாவளிக்கு முன்னால கடைச் சாவியைக் குடுக்கோணும் மலரு. அதுக்குள்ள தொட்டி கட்டு. மொதல்ல ரெண்டு கோமாளி மீனும் கொஞ்சம் நத்தையும் தர்றேன். நத்தை பொழச்சுக் கெடந்தா மத்ததெல்லாம் உனக்கு, ஒரு பைசா வேண்டாம். நத்தை செத்தா பெங்களூருக்கு."

அந்த அளவுக்குக் கண்ணாடித் தொட்டி வாங்க எங்களால் ஆகாது. அப்படியே வாங்கினாலும், சேலத்தில் ஒட்டின தொட்டியை இருபது கொண்டைஊசி வளைவு சுற்றி மேலே கொண்டு வந்தால், வந்து சேரும்போது மூலைக்கு ஒரு பக்கமாக ஒட்டு விட்டிருக்கும். ப்ளைவுட் பெட்டி என்றால் முன்பக்கத்துக்கு மட்டும் ஒரே ஒரு கண்ணாடி போதும். அதை மெத்தைக்கு நடுவில் படுக்க வைத்து ஜீப்பில் ஏற்றிவிடலாம். இதை எல்லாம் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கோபி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மரத்துல தண்ணி படாம இருக்கத்தான் நான் நாள் பூரா பாடுபடறேன். நீ மரத்துக்குள்ளாறயே தண்ணிய ஊத்தச் சொல்ற."

"முடியாதுன்னா சொல்லிப்போடுங்க. வேற ஆசாரியைப் பாத்துக்கறேன்."

எந்தத் தச்சரிடமும் இதைச் சொல்லக் கூடாது. மறுநாளே முக்கால் அங்குல மெரைன் ப்ளைவுட் வந்து இறங்கியது.

என் மாமியார் வேலம்மாள் வாசலில் நின்று பார்த்தார். காப்பி எஸ்டேட்டில் பாதி ஆயுசு போட்டவர், இன்னும் வேலைக்குப் போகிறவர். எங்கள் ஊர் வெள்ளக்கடையில் அவர் வாய்க்குப் பயப்படாதவர்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் உட்பட யாரும் இல்லை. "கட்டில் செய்வாங்க, கதவு செய்வாங்க. ப்ளைவுட்டுல கடல் செய்வாங்களா?" என்றார். அவர் கடலைப் பார்த்ததில்லை. அதற்காக அபிப்பிராயம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன.

வேலை நடந்தது முன்னறையில். கோபி முதல் தடவையாக எனக்கென்று செய்கிற சாமான் என்பதால் நான் பக்கத்திலேயே நின்றேன். மூலைக்கு மூலை பசை வைத்து ஸ்க்ரூ முடுக்கினோம். முன்பலகையில் ஜன்னல் மாதிரி வெட்டினோம். கண்ணாடியை அதற்கு உள்பக்கத்தில் இருந்து பொருத்த வேண்டும். வெளியில் இருந்து ஒட்டினால் தண்ணீர் அதைத் தள்ளிவிடும். உள்ளே இருந்தால் தண்ணீர் தள்ளத் தள்ளச் சட்டத்தோடு இறுகும். இதைக் கோபியே கண்டுபிடித்த மாதிரி அன்றைக்கு டீக்கடையில் விளக்கிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணாடி பொருத்துவதற்கு முன்னால் எபாக்ஸி என்கிற பிசினைப் பூச வேண்டும். தண்ணீருக்கும் மரத்துக்கும் நடுவில் அதுதான் சுவர். மூலைகளில் ஃபைபர் துணியை வைத்து அதன்மேல் பூசினோம். டப்பாவில் போட்டிருந்தபடி மறுநாள் கல்லாகியிருக்க வேண்டும். மறுநாள் விரலை வைத்தால் அல்வா. அதற்கு மறுநாளும் அல்வா. அந்த டப்பாவை எழுதினவர் புரட்டாசி மாதத்து ஏற்காட்டைப் பார்த்திருக்க மாட்டார். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற காலம் அது.

சூடு வேண்டும். எங்கள் வீட்டில் சூட்டுக்கு என்று இருந்தது ஒன்றுதான். அத்தையின் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குப் பெட்டியில் கட்டியிருந்த குண்டு பல்புகள். அத்தை எஸ்டேட்டுக்குப் போன நேரத்தில் குஞ்சுகளைக் கூடையோடு அடுப்பங்கரைக்கு மாற்றிவிட்டுப் பல்புகளைக் கழற்றித் தொட்டிக்குள் தொங்கவிட்டு, மேலே தார்ப்பாயை மூடினேன். சாயங்காலம் வந்து பார்த்தவர் இடுப்பில் கை வைத்தார்.

"என்ற குஞ்சுக்கு உசுரு இருக்குது கண்ணு. உன்ற பொட்டிக்கு இருக்குதா?"

"வரப்போகுதுங்க அத்தை."

"வரட்டும், வரட்டும். வந்தா மொட்டையடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் குஞ்சுகளுக்கு அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார். பல்பைத் திருப்பிக் கேட்கவில்லை.

எபாக்ஸி இறுகியது. மேலும் மேலும் பூசினோம். கோபிக்கு ஒரு தடவை பூசினால் திருப்தி வராது. கடைசியில் உள்பக்கம் பீங்கான் மாதிரி பளபளத்தது. கண்ணாடியை வைத்து, சிலிக்கானைப் பிழிந்து காயவிட்டு, கீழே செய்தித்தாளைப் பரப்பி, குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பினோம். முதல் தடவை ஒரு மூலையில் தாள் நனைந்தது. கோபி அன்றைக்குச் சாப்பிடவில்லை. வடித்து, அந்த மூலையைச் சுரண்டி, மறுபடி துணி வைத்துப் பூசி, மறுபடி நிரப்பினோம். இந்தத் தடவை காலையில் நான் எழுந்து வரும்போதே அத்தை குனிந்து தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"காயிதம் காஞ்சுதான் கெடக்குது" என்றார், யாரோ தன்னிடம் கேட்ட மாதிரி.

அதற்கப்புறம் கடல். கடலூரில் இருந்து ஏற்காட்டுக்கு மீன் வண்டி ஓட்டும் மணி அண்ணனிடம் புதுக் கேன்களைக் கொடுத்து, கரையில் கலங்கல் இல்லாத இடமாகப் பார்த்துத் தண்ணீர் பிடித்து வரச் சொன்னேன். "மீனு கேக்கறவங்களப் பாத்திருக்கேன். மீனை உட்டுட்டுத் தண்ணியக் கேக்கறவங்கள இப்பத்தாம்மா பாக்கறேன்" என்றார். ஆனாலும் கொண்டு வந்தார். தொட்டியில் ஊற்றுவதற்கு முன்னால் சில நாள் மூடி வைத்துத் தெளியவிட வேண்டும் என்பதால் இரண்டு புது ட்ரம் வாங்கி வைத்திருந்தேன். அளவு தப்பிவிட்டது. இரண்டும் நிரம்பி, தண்ணீர் இன்னும் மிச்சம் இருந்தது.

அப்போது அத்தை கொல்லைக்குப் போனார். தான் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல ட்ரம்மைக் காலி செய்து, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். "இதுல ஊத்து. நான் கொடத்துல குளிச்சுக்கறேன்" என்றார். இந்த வீட்டில் வாழ வந்த நாளில் இருந்து அந்த ட்ரம்மை அவர் யாரையும் தொடவிட்டதில்லை.

தண்ணீர் தெளிந்தது. தொட்டியில் கடல் மணலைப் பரப்பி மூன்று ட்ரம் தண்ணீரையும் ஊற்றினோம். பம்பும் ஹீட்டரும் ஓடின. சேலத்தில் ஜாபெஸ் அண்ணன் கடல் சூடாகிவிடக் கூடாது என்று குளிர்சாதனம் வைத்திருந்தார். எங்கள் ஊரில் கடலுக்கே கம்பளி போர்த்த வேண்டியிருக்கிறது. நான் பஸ்ஸில் போய், பிளாஸ்டிக் பையில் இரண்டு கோமாளி மீனையும் நத்தைகளையும் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, திறந்துவிட்டேன். மீன்கள் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி சுற்றின. நத்தைகள் கண்ணாடியில் ஏறத் தொடங்கின. அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம்.

மறுநாள் காலையில் நத்தைகள் எல்லாம் மணலில் மல்லாந்து கிடந்தன. நிமிர்த்தி வைத்தேன். கொஞ்சம் நகர்ந்து மறுபடி சாய்ந்தன. அதற்கு மறுநாள் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

மறைத்து என்ன ஆகப் போகிறது என்று ஜாபெஸ் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கோவிச்சுக்காத மலரு. ப்ளைவுட்டுல இருந்து என்னமோ எறங்குது. இல்லைன்னா அந்தப் பூச்சுல இருந்து. நத்தைக்கே ஆகலைன்னா லெதர் எப்பிடித் தாங்கும்? நான் பெங்களூருக்காரரை வரச் சொல்லிடறேன்."

"தொட்டி மேல தப்பில்லைங்கண்ணா."

"வேற எது மேல?"

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். சரி என்றார், ஆனால் அது என் மனசு நோகக் கூடாதே என்று சொன்ன சரி. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோபி தொட்டியின் பலகையைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு பட்டறைக்குப் போய்விட்டார். அவர் கையால் செய்த சாமான் உயிரைக் கொன்றது என்று ஒருவர் சொல்லிவிட்டார். தச்சருக்கு அதற்கு மேல் அவமானம் கிடையாது. எனக்கு வந்ததே கோபம், அது ஜாபெஸ் அண்ணன் மேலா, நத்தைகள் மேலா, என் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தேன். கோபம் இருக்கும்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்யும். மீன் இரண்டும் தின்று கொழுத்து நன்றாக இருக்கின்றன. நத்தை மட்டும் செத்திருக்கிறது. ப்ளைவுட்டில் இருந்து விஷம் இறங்கினால் அது மீன் எது, நத்தை எது என்று பார்க்குமா? மீனை விட்டுவிட்டு நத்தையையும் பவளத்தையும் மட்டும் கொல்லுகிற ஒன்று எனக்குத் தெரியும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் கடையில் ஒரு மருந்து ஊற்றுவோம். அந்தப் பாட்டிலைப் பின்னறைப் பக்கம் கொண்டு போனால் ஜாபெஸ் அண்ணன் கையை உடைத்துவிடுவேன் என்பார். அதில் இருப்பது செம்பு. ஒரு துளி செம்பு போதும், கடல் தொட்டியில் முதுகெலும்பு இல்லாதது எதுவும் மிஞ்சாது.

ஆனால் செம்பு எங்கிருந்து வரும்? பம்பைக் கழற்றிப் பார்த்தேன், வயர் எங்கேயும் பிய்ந்திருக்கவில்லை. ஹீட்டர் கண்ணாடி. வீட்டில் ஒரே ஒரு செம்புக் குடம், அது சாமி அறையில் இருந்து வெளியே வந்ததே இல்லை.

அந்த நேரத்தில்தான் மழை விட்ட இடைவெளியில் எஸ்டேட்டில் மருந்தடித்துவிட்டு ஆட்கள் பாதையில் இறங்கி வந்தார்கள். காப்பி இலையில் துரு நோய் வராமல் இருக்க அடிக்கிற போர்டோ மருந்து. கையெல்லாம் நீலம், சேலை ஓரமெல்லாம் நீலம். அத்தையும் அந்தக் கூட்டத்தில் வந்தார். சேலத்துக்குக் குடி போவதற்கு முன்னால், சின்ன வயசில் நானும் என் அம்மாவோடு எஸ்டேட்டில் அந்தக் கலவைக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறேன். ஒரு பக்கம் சுண்ணாம்பு, ஒரு பக்கம் மயில்துத்தம். மயில்துத்தம் என்றால் வேறென்ன, செம்புதான்.

மருந்து கலக்குகிற ட்ரம் பழசானால் எஸ்டேட்டில் கழித்துப் போடுவார்கள். வேலையாட்கள் ஆளுக்கொன்று உருட்டிக்கொண்டு போய்க் கழுவித் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்வார்கள். வெள்ளக்கடையில் அப்படி ஒரு ட்ரம் இல்லாத வீடு கிடையாது. அதில் பிடித்த தண்ணீரில் குளித்து யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதனாலேயே அது மருந்து ட்ரம் என்பது எங்கள் யாருக்கும் நினைவிலேயே இல்லை. ட்ரம்மும் நீலம், துத்தமும் நீலம். அடியில் எது ஒட்டியிருக்கிறது என்று யார் கண்டார்கள்?

வயிற்றில் புளியைக் கரைத்தது. எழுந்து போய் நிஜமாகவே புளியைக் கரைத்தேன். செம்பு எங்கே ஒட்டியிருந்தாலும் புளி அதைக் கரைத்து எடுத்துவிடும்.

அத்தை கை கழுவிவிட்டு வந்தபோது நான் அவருடைய ட்ரம்மைச் சாய்த்து, அடியில் புளித் தண்ணீரை ஊற்றி அலசிக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. மருந்து கலக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கலவை செடியில் அடிக்கத் தயாரா என்று பார்க்கத் தீட்டின கத்தியை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். கத்தி வெள்ளையாக வந்தால் அடிக்கலாம். சிவந்து வந்தால் செம்பு தனித்து நிற்கிறது, இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும். அத்தை இதைச் செய்யாத வருஷம் இல்லை. அவர் ட்ரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய்க் காய் அரியும் கத்தியைக் கல்லில் தீட்டி எடுத்து வந்து, தானே குனிந்து புளித் தண்ணீரில் வைத்தார்.

கொஞ்ச நேரம் ஊறவிட்டோம். கத்தியை வெளியே எடுத்தபோது முனையில் இருந்து பாதி அலகு வரைக்கும் சிவந்திருந்தது.

"என்ற கையாலயே மருந்து வெச்சுப்போட்டனே கண்ணு" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"அத்தை, நீங்க கத்தி வெச்சுப் பாத்ததாலதான் இது தெரிஞ்சுது. இல்லாட்டி எல்லாரும் உங்க பையனைத்தான் குத்தம் சொல்லியிருப்பாங்க. எந்திரிங்க, வேலை கெடக்குது."

கோபியைப் பட்டறையில் இருந்து வரவழைத்தேன். மீன்களை, கேனில் மிச்சமிருந்த சுத்தமான கடல் தண்ணீருக்கு மாற்றினோம். தொட்டித் தண்ணீரைக் காப்பிச் செடிப் பக்கம் போகாமல் குழாய் வைத்துப் பாறைச் சரிவில் வடித்தோம். மணலையும் அள்ளிக் கொட்டினோம். பிறகு ஜாபெஸ் அண்ணனுக்கு வீடியோவில் ஃபோன் போட்டு, கோபியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முதல் புது ட்ரம்மில் புளித் தண்ணீர், தீட்டின கத்தி: வெள்ளை. இரண்டாவது புது ட்ரம்: வெள்ளை. அடுத்து காலித் தொட்டி. உள்சுவரெல்லாம் புளியை வைத்துத் தேய்த்து, அடியில் தேங்கின தண்ணீரில் கத்தியை வைத்தேன்.

கத்தியை எடுத்துக் காட்டினேன். வெள்ளி மாதிரி மின்னியது.

"இப்ப இதைப் பாருங்கண்ணா" என்று அத்தையின் ட்ரம்மில் வைத்து எடுத்ததைக் காட்டினேன். மறுபடி சிவப்பு.

"கோபி தம்பி" என்றார் ஜாபெஸ் அண்ணன். "உங்க தொட்டியைத் தப்பா சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. தண்ணி மாத்துங்க. நத்தையை நானே எடுத்துட்டு வர்றேன்."

கோபி, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை என்றுதான் இன்று வரைக்கும் சொல்லி வருகிறேன்.

மணி அண்ணன் மறுபடி கடல் கொண்டு வந்தார். அத்தை அந்த நீல ட்ரம்மைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டு, புதுசாக வாங்கின மூன்றாவது ட்ரம் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மீன் தொட்ட கையைக் கழுவாமல் மூடியைத் தொட்டதற்கு அத்தையிடம் வாங்கிய திட்டை மணி அண்ணன் மறக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜாபெஸ் அண்ணன் நத்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, ஏற்காட்டில் லாட்ஜில் தங்கினார். மறுநாள் வந்து பார்த்தபோது எல்லா நத்தையும் கண்ணாடி உச்சியில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. சட்டத்தைத் தட்டிப் பார்த்து, பலகையைத் தட்டிப் பார்த்து, "அடுத்த ஜீப்புல எறங்கிப் போயி மத்ததையும் எடுத்துட்டு வர்றேன்" என்றார். சொன்ன மாதிரியே தெர்மாகோல் பெட்டிகளோடு திரும்பி வந்தார். கல், பாசி, சின்னப் பவளங்கள், கடைசியில் தனிப் பெட்டியில் லெதர். அதை என் கையில்தான் கொடுத்தார். நான் ஒட்டின அதே கல் அடியில் இருந்தது. நடுவில் வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தேன்.

சின்னதுகள் எல்லாம் அன்று சாயங்காலமே விரிந்தன. லெதர் மட்டும் மூடிக்கொண்டது. விரல்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மெழுகு பூசின மாதிரி மங்கி, சுருங்கி நின்றது. இடம் மாறினால் சில நாள் அப்படித்தான் இருக்கும் என்று ஜாபெஸ் அண்ணன் சொல்லிவிட்டுச் சேலத்துக்கு இறங்கினார். எனக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? விரியாமலே அழுகிப் போனதையும் பார்த்திருக்கிறேன். கடைச் சாவியைக் கொடுத்தாகிவிட்டது, இனி அதற்குத் திரும்பிப் போக இடம் இல்லை. தினமும் அவர் ஃபோன் செய்து, "தொறந்துச்சா?" என்பார். "இன்னும் இல்லைங்கண்ணா" என்பேன். துபாய்க்குக் கிளம்ப விமான நிலையத்துக்கு வண்டி ஏறிய ராத்திரியும் அதையேதான் கேட்டார், நானும் அதையேதான் சொன்னேன். சோறு இறங்கவில்லை எனக்கு.

மறுநாள் காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வேலைக்குக் கிளம்பி முன்னறை வழியாகப் போன அத்தையின் காலடிச் சத்தம் நின்றது.

"ஏ மலரு" என்று கூப்பிட்டார், மெதுவாக, தூங்குகிற குழந்தை பக்கத்தில் நின்று கூப்பிடுவது போல. "உன்ற காளான் விரிஞ்சிருச்சு கண்ணு."

கல்லில் தோசை கருகியது. கருகட்டும். ஓடி வந்து பார்த்தால், மேல்தோலை ஒரு மெல்லிய சவ்வாக உரித்துப் போட்டுவிட்டு, பழைய தட்டை விடப் பெரிய தட்டாக விரிந்து, ஆயிரம் விரலையும் நீட்டி எங்கள் வீட்டு நடுவில் ஆட்டிக்கொண்டிருந்தது. அதன் இடுக்கில் கோமாளி மீன் இரண்டும் படுத்துப் புரண்டன. வெளியே ஜன்னலை மறைத்துக்கொண்டு மூடுபனி. உள்ளே கடல். நான் சத்தமாக அழுதேன். சந்தோஷத்தில்தான், வேறெதிலும் இல்லை. என் வாழ்நாளில் நான் எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை, ஆசைப்பட்டது இப்படி முழுசாகக் கையில் வந்ததும் இல்லை. கோபி ஃபோனில் படம் எடுத்து ஜாபெஸ் அண்ணனுக்கு அனுப்பினார். விமானம் ஏறும் முன்பே பதில் வந்துவிட்டது. அதில் வார்த்தை ஒன்றும் இல்லை, கும்பிடும் கை மட்டும் வரிசையாக இருந்தது.

"மொட்டை எப்பங்க அத்தை?" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"போடி" என்றார். கண்ணை எடுக்கவில்லை.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. செய்தி எப்படியோ பாதையெல்லாம் பரவி, மதியத்துக்கு மருந்தடிக்கும் பெண்கள் எல்லாம் நீலக் கையோடு வந்து வாசலில் கூடிவிட்டார்கள். "ப்ளைவுட்டுல கடலா?" என்று ஒருத்தி சிரித்தாள். அத்தை நிலைக்கு இரண்டு பக்கமும் கையை ஊன்றி வழியை மறித்து நின்றார்.

"ப்ளைவுட்டுலதான். என்ற பையனும் மருமவளும் செஞ்சது. எல்லாரும் போயி மொதல்ல சோப்புப் போட்டுக் கையைக் கழுவீட்டு வாங்க. மருந்துக் கையோட என்ற ஊட்டுக் கடல்கிட்ட ஒருத்தரும் வரப்படாது."